பின் டயருக்கு எழுபத்தைந்து

1

இந்தக் கதை எனக்கு டெலிபோனில் வந்தது. 1986 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹூஸ்டனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பேசியவள் என் சிநேகிதி ஜலஜா. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கடுகுகூடக் கருகவில்லை.

மூன்று வருஷம் அதை எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதுவதும் அவள் கேட்டுக்கொண்டதால்தான்.

என் தொடர்கதைகளைப் படித்தவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கமாக என் கதைகளில் நான்காவது வாரம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மனஸ்தாபம் வரும், இருபதாவது வாரம் சேர்ந்துவிடுவார்கள். இந்தக் கதையிலும் அவர்கள் கடைசிவரை சேர்ந்துதான் இருக்கிறார்கள். இதில் கசப்பு அங்கேதான் இருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'ஜலஜா அந்த ட்ரக்கை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் நெஞ்சில் இனம்புரியாத ஒரு' — இல்லை. ட்ரக்கைப் பார்த்து யாருக்கும் அப்படி எதுவும் வராது. வருஷக்கணக்கான பழக்கத்தில் கை தானாக எழுதிவிடுகிறது.

'பசுபதி கெட்டவன் இல்லை.' இப்படித் தொடங்கினால் அந்த நிமிஷமே அவனைச் சந்தேகப்பட ஆரம்பிப்பீர்கள். அது பிறகு வரட்டும்.

'டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது, அந்த டயர் அன்றைக்கு எதைச் சுமக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது.' இதை வைத்துக்கொள்கிறேன். ஜலஜா சொன்னது இது. குடும்ப வாழ்க்கைக்கு உவமை சொல்கிறேன் என்று சிலர் நினைப்பீர்கள். டயரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இங்கே ட்ரக் என்றால் நம் ஊர் லாரி இல்லை. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. காலியாக ஓட்டும்போது பின் டயருக்கு நாற்பது பவுண்டு காற்று போதும், வழவழவென்று போகும். வீட்டுச் சாமான் ஏற்றிய ட்ரெய்லரை அதற்குப் பின்னால் மாட்டினால் நிலைமை வேறு. ட்ரெய்லரின் மூக்கு ட்ரக்கின் முதுகில் ஏறி உட்காரும். அந்தப் பாரத்தைப் பின் டயர் இரண்டும்தான் தாங்க வேண்டும். அப்போது இந்த ட்ரக்குக்கு எழுபத்தைந்து வேண்டும். குறைந்தால், டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடாகும். சூடேறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் கிழியும். அளவு பார்ப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடினால் காற்று சூடாகி எண் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தையும் யோசித்துத்தான் எழுபத்தைந்து என்று வைத்திருக்கிறார்கள்.

[இந்தப் பத்தியை வெட்டலாமே என்று பத்திரிகை ஆசிரியர் கேட்பார். வெட்டினால் பசுபதி செய்த தப்பு உங்களுக்குப் புரியாமல் போகும். புரியாமல் போனால் அவனுக்கு வசதி, எனக்கும் வசதி. அதனால் இருக்கட்டும்.]

3

பசுபதி மெக்கானிகல் எஞ்சினியர். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பம்பு டிசைன் பண்ணும் கம்பெனியில் வேலை. எண்ணெய் விலை சரிய ஆரம்பித்ததும் ஹூஸ்டனில் வீட்டுக்கு வீடு லே-ஆஃப். அவனுக்கும் வந்தது. பதினாலு மாசம் வீட்டில் இருந்தான்.

அந்தப் பதினாலு மாசமும் ஜலஜா ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு டயர் கடையின் கவுண்டரில் உட்கார்ந்தாள். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். நம்மவர்களிடம் பசுபதி, "ஜலா ஒரு ஆபீஸுக்குப் பார்ட்-டைம் போறா" என்று சொல்லிவைத்திருந்தான். டயர் மாற்ற அந்தக் கடைக்குப் போன நம்மவர்கள் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பி வந்தார்கள். அது ஒரு மரியாதை.

"கடை எப்படிடி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. காலேஜ் லேப்ல கூட நான் இவ்வளவு ப்ரெஷர் பாத்ததில்ல."

"வீட்டுல?"

"வீட்டுல இன்னும் ஜாஸ்தி. அளக்கத்தான் கேஜ் இல்ல."

கடை முதலாளி பெயர் டால்ட்டன். காற்றுப் பிடிப்பது, டயர் மாட்டுவது எல்லாம் எர்னஸ்டோ. பதினோரு வருஷமாக அதே கடை. பசுபதியின் வயதுதான் இருக்கும். எர்னஸ்டோவுக்கு ஒரு பழக்கம்: காற்றுப் பிடித்து, கேஜ் வைத்துப் பார்த்து, அந்த எண்ணை மஞ்சள் சாக்பீஸால் டயரிலேயே எழுதிவிடுவான். வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள். "நான் சொன்னா மறந்துடுவீங்க. டயர் மறக்காது" என்பான். கவுண்டரில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு ஜலஜாவுக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று.

கடைசியில் டல்லாஸ் பக்கம் டெலிபோன் சாதனங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பசுபதிக்கு வேலை கிடைத்தது. பழைய ட்ரக் ஒன்று அவர்களிடம் இருந்தது. ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்தார்கள். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கடை மூடியதும் எர்னஸ்டோ தன் வேனில் கம்ப்ரசரோடு அவர்கள் வீட்டுக்கு வந்து எல்லா டயருக்கும் காற்றுப் பிடித்தான். பின் டயர் இரண்டிலும் '75' என்று எழுதினான். ஜலஜா கொடுத்த முறுக்கைத் தின்றுவிட்டு, பிள்ளைகளுக்கு என்று நாலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. தானாக வந்து செய்தான்.

4

சனிக்கிழமை காலை. சாமான் ஏற்றி முடிக்க ஒன்பது மணி. ஜலஜா பின்னொரு நாள் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒம்போதாச்சு. இனிமே பத்தரை வரைக்கும் ராகுகாலம்" என்றாள் ஜலஜா.

"அது மெட்ராஸ்ல" என்றான் பசுபதி. "இங்க டேலைட் சேவிங். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்கான். சூரியனுக்கு இப்ப எட்டு மணிதான். ராகு பத்துக்கு வந்து பதினொன்றரைக்குப் போவார். இப்பவே கிளம்பினா சேஃப்."

"காலண்டர்ல ஒம்போதுன்னு போட்டிருக்கு."

"காலண்டர் அடிச்சவன் டெக்ஸாஸ் பாத்ததில்ல."

"அதை உங்க அம்மாகிட்ட போன்ல நீங்களே சொல்லிக்குங்க."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "சரி. ரெண்டு ராகுவும் போகட்டும்."

இரண்டு பேர் சொன்னதையும் சரி என்று வைத்துக்கொண்டு பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள். அதுவரை ட்ரக் வீட்டு வாசல் டிரைவ்வேயில், ஆகஸ்ட் வெயிலில் நின்றது.

[அவள் ராகுகாலத்தைப் பிடித்துக்கொண்டதற்குப் பக்தி காரணமில்லை. ஹூஸ்டனை விட்டுப் போக மனசில்லை, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. "அந்த ரெண்டு மணி நேரம் என்னோடது அக்கா" என்றாள் என்னிடம். அவளை முழுக்கக் குற்றமில்லாதவளாகக் காட்ட எனக்கு ஆசை இருந்தது. அவளே விடவில்லை.]

பதினொன்றேகாலுக்கு பசுபதி கேஜை எடுத்து வலது பின் டயரில் வைத்தான். எண்பத்திரண்டு காட்டியது.

"பாத்தியா? நின்ன எடத்துல ஏழு பவுண்டு ஏறியிருக்கு. இன்னும் அஞ்சு மணி நேரம் ரோட்ல ஓடினா என்ன ஆகும்? எம்.எஸ்ஸி. பிசிக்ஸுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"அது குளிர்ந்த டயருக்கான நம்பர்ங்க. ஏறப்போறதையும் அதுல சேர்த்துத்தான் வெச்சிருக்காங்க. எர்னஸ்டோ..."

"எர்னஸ்டோ எந்த காலேஜ்?"

"எறக்காதீங்க. பின்னாடி ட்ரெய்லர் இருக்கு."

"எங்கப்பா மே மாசம் அம்பாசிடர்ல காத்து எறக்கிட்டுத்தான் திருப்பதிக்கு ஓட்டுவார். ஒரு தடவை கூட டயர் போனதில்ல. இந்த ட்ரக் ஒரு வருஷமா நாப்பதுல ஓடுது, என்ன ஆச்சு? நீ கவுண்டர்ல பில் போடறவ ஜலா. டயர் உன் சப்ஜெக்ட் இல்ல."

குனிந்து வால்வை அழுத்தினான். வலது பக்கம் நாற்பது. சுற்றி வந்து இடது பக்கமும் நாற்பது. சாக்பீஸில் எழுதிய எழுபத்தைந்து இரண்டு டயரிலும் அப்படியே இருந்தது.

ஒரு தடவை சொன்னவள் இன்னொரு தடவை சொல்லவில்லை. ஏன் என்று பிறகு நான் கேட்டேன்.

"பதினாலு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் அக்கா அவர் நிமிர்ந்து நின்னார். என்னைத் திட்டினதுல கூட ஒரு தெம்பு இருந்துது. அதைப் பிடுங்க வேண்டாம்னு இருந்தேன்."

என் நாவலாக இருந்தால் இந்த இடத்தில் வாசகிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விட்டுக்கொடுத்த மனைவியை எத்தனை அத்தியாயங்களின் கடைசி வரியில் நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஜலஜா என் கதை ஒன்றைக்கூட விட்டதில்லை.

5

ஹண்ட்ஸ்வில் தாண்டிக் கொஞ்ச தூரம். வலது பின் டயர் வெடித்தது. ட்ரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது, ட்ரக் ஃப்ரீவே நடுவிலிருந்த புல்வெளியில் போய்ச் சாய்ந்தது. பசுபதிக்குத் தோள்மூட்டு இறங்கியது. ஜலஜாவுக்கு விலா எலும்பில் அடி. நடுவில் உட்கார்ந்திருந்த ஆறு வயது ஸ்வர்ணாவின் இடது கண்ணில் கண்ணாடிச் சில்லு.

இதை முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நீங்கள் அழுவதற்காக எழுதிய பக்கங்கள் அவை.

இப்போது பசுபதி. முதல் பிரதியில் அவனை மட்டமாக எழுதினேன்: பெண்டாட்டி சொல்லைக் கேட்காதவன், திமிர் பிடித்தவன். ஆனால் இறங்கின தோளோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றி அவள் கண்ணில் பொத்திக்கொண்டு, வருகிற கார்களுக்கு நேராக ஓடியவனும் அவன்தான். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே ஆள். எனக்கு அவனைப் பற்றிய சந்தேகம் வேறு. காற்றை இறக்கியது அவனுக்கு ஞாபகம் இருந்ததா, இல்லையா?

மூன்று வருஷமாக இந்தப் பாத்திரத்தில் எனக்குப் பிடிபடாத இடம் இதுதான்.

6

இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைப் பார்த்தார். வெடிக்காத இடது பின் டயரில் கேஜ் வைத்தார். நாற்பத்தொன்று. டயரின்மேல் மஞ்சள் சாக்பீஸில் எழுபத்தைந்து. அவர் என்ன முடிவுக்கு வருவார்? நீங்களும் அந்த முடிவுக்குத்தான் வருவீர்கள். எழுதியவன் காற்றுப் பிடிக்காமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

அவர் அதைச் சொன்னபோது பசுபதி குழந்தையின் கட்டிலருகே இருந்தான். ஜலஜா எதிரில்.

"ஆமா" என்றான் பசுபதி. "நம்பரை மட்டும் எழுதிட்டான்."

குழந்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஜலஜாவைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டால்ட்டன் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தார். அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஜலா, எர்னஸ்டோ எழுபத்தைந்து வைத்ததாகச் சத்தியம் செய்கிறான். அவன் போன பிறகு யாராவது அந்த டயரைத் தொட்டார்களா? இல்லை என்று நீ சொன்னால் நான் அவனை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்."

அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் அவள் எனக்குப் போன் பண்ணினாள். டிரைவ்வேயில் நடந்ததைச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அக்கா, உங்க கதையில இந்தப் பொண்ணு என்ன சொல்லுவா?"

நான் சொன்னேன்: "கொழந்தை கண்ணைக் கட்டிண்டு படுத்திருக்கா. இப்ப நீ வாயைத் திறந்தா அவர் உடைஞ்சு போயிடுவார், வீடும் உடையும். அந்த ஆளுக்கு வேற கடை கிடைக்கும். ஸ்வர்ணாவுக்கு வேற அப்பா கிடைக்க மாட்டார். இப்ப பேசாம இரு."

கடைசி மூன்று வாக்கியங்களும் நன்றாக அமைந்துவிட்டன என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஒரு வார அத்தியாயத்தை அப்படித்தான் முடிப்பேன்.

ஜலஜா, "சரி அக்கா" என்றாள். டால்ட்டன் கூப்பிட்டபோது, யாரும் தொடவில்லை என்று சொன்னாள்.

7

அடுத்த வருஷம் என் காருக்கு டயர் மாற்ற அந்தக் கடைக்குப் போனேன். வேறு கடையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது.

ஒரு பையன் காற்றுப் பிடித்து எண்ணை எழுதினான். இன்னொருவன் வந்து கேஜ் வைத்துப் பார்த்து அதன் கீழ் கோடு போட்டான்.

"ரெண்டு பேர் எதுக்கு?" என்று கேட்டேன்.

"கடை ரூல் மேடம். இதுக்குப் பேர் எர்னஸ்டோ செக்."

"யார் எர்னஸ்டோ?"

அவன் தோளைக் குலுக்கினான். "இங்க இருந்த ஆளாம். காத்தே பிடிக்காம எழுதுவானாம்."

பதினோரு வருஷம் வேலை பார்த்த இடத்தில் அவனுக்கு மிஞ்சியது இதுதான். ஊரின் மற்றப் பகுதிகளில் சில கடைகளிலும் அதே ரூல், அதே பேர் என்று பிறகு தெரிந்தது. 'வேற கடை கிடைக்கும்' என்று சொன்னேன் அல்லவா. கிடைக்கவில்லை. வெயிலில் கூரை வேய்கிற வேலைக்குப் போகிறான் என்று டால்ட்டன் சொன்னார், நான் கேட்காமலே. அவருக்கும் மனசு சரியில்லை போலிருக்கிறது.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் பசுபதி தன் பிழையை உணர்ந்து, எர்னஸ்டோவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு... இதைத் தட்டச்சு செய்யும்போதே வெட்கமாக இருந்தது. உண்மையில் அவர்கள் ஆலன் ஊரில் வீடு வாங்கியிருக்கிறார்கள். வாரக் கடைசியில் நாலு குடும்பம் சாப்பிட வந்தால் பசுபதி அந்தக் கதையைச் சொல்கிறான். சாக்பீஸ், எண், நாற்பத்தொன்று, எல்லாம் வரிசையாக. கேட்பவர்கள் "அச்சச்சோ, யாரைத்தான் நம்பறது" என்கிறார்கள். ஜலஜா பாயசம் பரிமாறுகிறாள்.

இரண்டாவதில் ஜலஜா குழந்தையை அழைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். என் புதிய வாசகிகளுக்கு இது பிடிக்கும். ஆனால் அவள் போகவில்லை. பசுபதி அவளிடம் அன்பாகத்தான் இருக்கிறான். முன்னைவிட அன்பாக.

மூன்றாவது பாதியில் நிற்கிறது. 'எர்னஸ்டோ ஒரு நாள் அவர்கள் வீட்டுக் கதவைத்' — தட்ட மாட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. தான் பிடித்த எழுபத்தைந்து எப்படி நாற்பத்தொன்று ஆயிற்று என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பான். தன் கையையே சந்தேகப்பட்டிருப்பான்.

9

இந்த வருஷம் மே மாசம் ஜலஜா என் வீட்டுக்கு வந்தாள். தனியாக, நாலரை மணி நேரம் டிரைவ் பண்ணி. கைப்பையிலிருந்து ஸ்வர்ணாவின் பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். தன்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்வர்ணாவுக்கு இப்போது ஒன்பது வயது. இங்கிலீஷில் அழகான கையெழுத்து. ஒரு மனிதன் சோம்பேறியாக இருந்ததால் எனக்கு ஒரு கண் தெரியாது, பெரியவளானதும் நான் சோம்பேறியாக இருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். டீச்சர் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

"அவருக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையோ என்னவோ" என்றேன். மூன்று வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அது.

"இருக்கு அக்கா."

"உன்கிட்ட சொன்னாரா?"

"சொல்லல. இப்பல்லாம் ட்ரிப் போறதுன்னா காலைல ஆறு மணிக்கு எழுந்திருக்கறார். வெயில் படறதுக்கு முன்னாடி கேஜ் வெச்சுப் பாக்கறார். போன ஜூலைல போட் இழுத்துட்டுப் போனோம். பின்னாடி எழுபத்தஞ்சு வெச்சார். மத்தியானம் வழியில பாத்தா எண்பத்தஞ்சு. ஒரு பவுண்டு கூட எறக்கல. எர்னஸ்டோ காத்தே பிடிக்கலன்னு நெஜமா நம்பறவர், எறக்கற பழக்கத்தை ஏன் விடணும்? அவங்கப்பா முறைதான் சரின்னு இன்னும் எறக்கிட்டில்ல இருக்கணும்?"

நான் மேஜையிலிருந்த நோட்டை மூடினேன்.

"அவர் கேஜைப் பிடிச்சிட்டு நிக்கறப்ப நான் ஜன்னல்லேர்ந்து பாப்பேன். அவர் நிமிர்ந்து என்னைப் பாப்பார். அப்புறம் உள்ள வந்து காபி கேப்பார். நானும் போட்டுக் குடுப்பேன்."

"டால்ட்டனுக்கு ஒரு போன் பண்ணேன் ஜலா. இப்பவாவது."

"பண்ணினா முதல்ல ஸ்வர்ணாவுக்குத் தெரியும். அப்பா கண்ணைக் கெடுத்தார், அம்மா பாத்துட்டு நின்னா, அப்புறம் பொய் சொன்னா. ஒன்பது வயசுக்கு இதை எப்படிச் சொல்றது? பத்து தடவை ரிசீவரை எடுத்திருக்கேன்." என்னையே பார்த்தாள். "நீங்க பண்ணலாமே அக்கா. பேசாம இருன்னு சொன்னது நீங்கதானே."

நான் அடுப்படிக்கு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி விடுங்க. கதையாவாவது எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. படிக்க வேண்டியவங்க யாரும் படிக்க மாட்டாங்க."

எழுதிவிட்டேன். எர்னஸ்டோ தமிழ் படிக்க மாட்டான். டால்ட்டன் படிக்க மாட்டார். ஸ்வர்ணாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்து தெரியாது. பசுபதி கதைகள் படிப்பதில்லை. உலகத்திலேயே இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று கண்டுபிடித்து இங்கே வந்து உண்மையைச் சொல்லியிருக்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. எர்னஸ்டோவின் பெயர் எர்னஸ்டோதான். அந்த ரூலுக்கு வேறு பெயர் கிடையாது.

முடிவு எழுதாமல் விடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் சிலர் ஹூஸ்டனில் இருப்பீர்கள். உங்களுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். காருக்குக் காற்றுப் பிடிக்க ஹில்கிராஃப்ட் பக்கம் எப்படியும் போவீர்கள். இரண்டு பேர் வந்து டயரைப் பார்த்தால் அதுதான் அந்தக் கடை. முதலாளி பெரும்பாலும் கவுண்டரிலேயே இருப்பார். ஒரே வாக்கியம்: எர்னஸ்டோ சரியாகத்தான் பிடித்தான், காற்றை இறக்கியது அந்தப் பெண்ணின் கணவர்.

சொல்லப்போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. சொல்வதற்கு முன்னால் ஒரு குழந்தையின் முகம் உங்களுக்கும் ஞாபகம் வரும். அப்போது யாரிடமாவது போய் யோசனை கேட்கத் தோன்றும். என்னிடம் கேட்காதீர்கள்.